குரல் எட்டும் தூரம்

வாக்கி டாக்கி வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதைத்தான். 5 வாட்டை விட 8 வாட் மேல், 8ஐ விட 10 மேல் என்று மனம் தானாகவே வரிசைப்படுத்திக்கொள்கிறது. விற்பவர்களும் பெட்டியின் மேல் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். கேள்வியில் தவறில்லை. அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கையைத்தான் நாம் எடுத்துப் பார்க்க வேண்டும். உரக்கச் சொன்னால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடும் என்ற நம்பிக்கை அது. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறு கருவி அந்த நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கிறது. அந்தச் சோதனையின் முடிவு வானொலிக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

கைக்கருவியின் பிறப்பிலேயே இதற்கு முதல் சாட்சி கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக மோட்டோரோலா நிறுவனம் இரண்டு கருவிகளை உருவாக்கியது. கையில் பிடித்துப் பேசும் எஸ்.சி.ஆர். 536 கருவியின் சக்தி 0.36 வாட். முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர். 300 கருவியின் சக்தி 0.3 வாட். எண்ணை மட்டும் பார்த்தால் கைக்கருவியே ஒரு படி மேல். களத்திலோ கைக்கருவி தரையில் ஏறத்தாழ 1 மைல் எட்டியது. சக்தி குறைந்த முதுகுக்கருவி 3 மைல் எட்டியது. காரணம் எளிது. கைக்கருவி பயன்படுத்திய அலையின் நீளம் 50 மீட்டருக்குக் குறையாதது. அதற்குப் பொருத்தப்பட்டிருந்ததோ ஒரு மீட்டர் அளவுள்ள கம்பி. முதுகுக்கருவியின் அலைநீளம் 7 மீட்டர் அளவுதான். அதன் கம்பி அந்த அலைக்கு ஏற்ற நீளத்தில் இருந்தது. இரைச்சலை அடக்கும் எஃப்.எம். முறையும் அதற்குத் துணை நின்றது. எவ்வளவு சக்தி என்பதை விட, அந்தச் சக்தி எப்படி வெளியேறுகிறது, எப்படிக் கேட்கப்படுகிறது என்பதே தூரத்தைத் தீர்மானித்தது.

வாட்டின் கணக்கு மிகவும் கண்டிப்பானது. சக்தியை இரட்டிப்பாக்கினால் குறியீட்டின் வலிமை 3 டெசிபல் கூடுகிறது. உரிமம் பெற்று ஆர்வத்துக்காக வானொலியில் பேசும் ஹாம் வானொலிக்காரர்கள் தாங்கள் கேட்கும் குரலின் வலிமையைச் சொல்ல 'எஸ்' என்றொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு படி ஏற வேண்டுமானால் 6 டெசிபல் வேண்டும். அதாவது நான்கு மடங்கு சக்தி. 5 வாட்டை 8 வாட்டாக்கினால் கிடைப்பது இரண்டே டெசிபல், ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கு. தூரத்தைப் பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. சமதரையில் நிற்கும் இருவருக்கு இடையே தூரம் இரட்டிப்பானால், போய்ச் சேரும் வலிமை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். 5 வாட்டில் எட்டிய தூரத்தைப் போல் இரு மடங்கு எட்ட 80 வாட் வேண்டும். 5ஐ 8 ஆக்கினால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 120 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். அந்த 120 மீட்டருக்கு விலையாக பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, கருவி கையில் சூடேறுகிறது. பேரிடர் நேரத்தில், மின்சாரம் இல்லாத ஊரில், கருவி உயிரோடு இருக்கும் மணிநேரங்கள் அந்த 120 மீட்டரை விட விலை மிக்கவை.

சக்தியைக் கூட்டிக்கொண்டே போனாலும் முன்னே ஒரு சுவர் நிற்கிறது. பூமியின் வளைவுதான் அந்தச் சுவர். கைக்கருவிகள் பயன்படுத்தும் வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேராகச் செல்பவை. காற்றுமண்டலம் அவற்றைச் சற்றே வளைத்து, கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தை விடக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருப்பவருக்கு எல்லை 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவரும் அப்படியே நின்றால் இருவருக்கும் இடையே 10 கிலோமீட்டர். அதுவும் மரமும் வீடும் மேடும் இல்லாத வெட்டவெளியில். அதே ஆள், அதே கருவியோடு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் போய் நின்றால் எல்லை 210 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கருவிக்குள் ஒரு மில்லிவாட்கூடக் கூடவில்லை. நின்ற இடம் மட்டுமே மாறியது.

1983ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஓவன் கேரியட் கொலம்பியா விண்ணோடத்தின் ஜன்னலில் ஓர் ஆன்டெனாவை வைத்து, சில வாட் சக்தியுள்ள கைக்கருவியால் பூமியிலிருந்த ஹாம் வானொலிக்காரர்களுடன் பேசினார். விண்ணிலிருந்து ஹாம் வானொலியில் பேசிய முதல் மனிதர் அவர்தான். அவரோடு பேசியவர்களில் ஜோர்டான் மன்னர் ஹுசைனும் ஒருவர். பட்டணத்தில் இரண்டு தெரு தாண்டத் திணறும் அதே அளவு சக்தி, விண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைச் சிரமமின்றிக் கடந்தது. 2002இல் ஏவப்பட்ட எஸ்.ஓ. 50 என்ற ஹாம் செயற்கைக்கோள் பூமிக்குப் பேசுவது கால் வாட்டில். 600 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் அதை, கையில் ஒரு சிறு யாகி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். குடத்திலிட்ட விளக்கு, குன்றின் மேலிட்ட விளக்கு என்று நம் முன்னோர் பிரித்துச் சொன்ன வேறுபாடு இதுவே. விளக்கு ஒன்றுதான், வைத்த இடம் வேறு.

மலையேறவும் விண்ணேறவும் முடியாதவருக்கும் இந்தப் பாடம் உதவும். சமதரையில் ஆன்டெனாவின் உயரம் இரட்டிப்பானால், அது சக்தியை ஏறத்தாழ நான்கு மடங்காக்கியதற்கு ஈடு. இடுப்பு பெல்ட்டில் செருகியபடி, தோளில் மாட்டிய மைக்கில் பேசுகிறவரின் உடம்பே அலையின் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. அதே கருவியைக் கையில் எடுத்து, தலைக்கு மேல் நேராக உயர்த்தினால் அந்த இழப்பு நீங்கும். உயரத்தின் பலனும் சேரும். கருவியோடு வரும் குட்டையான ரப்பர் ஆன்டெனா சட்டைப் பைக்கு வசதியானது, அலைக்கு வசதியானதல்ல. 2 மீட்டர் அலைவரிசையில் கால் அலைநீளம் என்பது அரை மீட்டர். அந்த நீளமுள்ள கம்பி ஒன்றைப் பொருத்திப் பார்த்தவர்கள், பணம் கொடுத்து வாங்கிய கூடுதல் வாட்டை விட இது அதிகம் தருவதை உடனே உணர்வார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு வாட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். சக்தி எதற்கும் உதவாது என்று சொல்வது பொய். அடர்ந்த காட்டிலும், கான்கிரீட் சுவர்களுக்கு நடுவிலும், ஒவ்வொரு தடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும்போது, கையிருப்பில் உள்ள டெசிபல்கள்தான் குரலைக் கரை சேர்க்கின்றன. எஃப்.எம். முறைக்கு ஒரு வாசற்படி உண்டு. அதற்குக் கீழே இரைச்சல். அதற்கு மேலே தெளிவான பேச்சு. அந்தப் படியின் விளிம்பில் தடுமாறும் குரலுக்கு இரண்டு மூன்று டெசிபல்கூட உயிர் கொடுக்கும். 1 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள 7 டெசிபல் வேறுபாடு பல சமயம் பேசுவதற்கும் பேச முடியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு. கடலில் ஆபத்து வந்து 16ஆம் சேனலில் உதவி கேட்பவர் கருவியை முழுச் சக்தியில் வைத்துத்தான் கேட்க வேண்டும். அதே கடல் வானொலிக் கருவிகளில் துறைமுகத்துக்குள் பேச 1 வாட் அமைப்பும் இருக்கிறது. அருகில் இருப்பவரிடம் பேச ஊரெல்லாம் நிரம்பும் குரல் தேவையில்லை என்பதால். உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட வானொலி விதிகளும் இதையே சொல்கின்றன: திருப்தியான தொடர்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சக்தியை மட்டுமே வெளியிட வேண்டும். அலைவரிசை எல்லோருக்கும் பொது. எஃப்.எம். முறையில் ஒரே நேரத்தில் இருவர் பேசினால், வலிய குரல் மெலிந்த குரலை முழுவதுமாக மூடிவிடும். தேவைக்கு மேல் உரக்கப் பேசுகிறவர், தாம் அறியாமலே, தொலைவிலிருந்து உதவி கேட்கும் ஒருவரின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கக் கூடும்.

இங்கேதான் வாட் என்ற எண் மறைத்துவிடும் பெரிய உண்மை வெளியே வருகிறது. இது இருவழிக் கருவி. என் சக்தியைக் கூட்டினால் நான் சொல்வது அவருக்குக் கேட்கும்; அவர் சொல்வது எனக்குக் கேட்கும் திறன் ஒரு துளியும் கூடாது. நான் 50 வாட்டில் பேச, அவர் 5 வாட்டில் பதில் சொன்னால், என் குரல் அவரிடம் கணீரென்று போய்ச் சேரும். அவர் பதில் இரைச்சலில் மூழ்கிவிடும். நான் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பேன். அவர் திரும்பத் திரும்ப விடை சொல்லிக்கொண்டிருப்பார். ஹாம் வானொலிக்காரர்கள் இப்படிப்பட்ட நிலையத்துக்கு முதலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: வாய் பெரிது, காது இல்லை. ஆன்டெனாவும் உயரமும் அப்படியல்ல. நல்ல ஆன்டெனா அனுப்புவதை மேம்படுத்தும் அதே அளவுக்குக் கேட்பதையும் மேம்படுத்துகிறது. உயரத்தில் நிற்பவர் தொலைவுக்குப் பேசுகிறார். தொலைவிலிருந்து வருவதையும் கேட்கிறார். வாட் பேசுகிறவருக்கு மட்டும் தருகிறது. உயரம் இருவருக்கும் தருகிறது.

கேட்கும் பக்கத்தின் ஆற்றல் எவ்வளவு பெரியது என்பதற்கு மனிதன் அனுப்பியவற்றில் மிகத் தொலைவில் இருக்கும் வாயேஜர் 1 சான்று. 1977இல் புறப்பட்ட அந்த விண்கலம் 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பேசுகிறது. அதன் ஒலிபரப்பியின் சக்தி 23 வாட் அளவு. கார்களில் பொருத்தும் ஹாம் கருவிகள் பலவற்றை விடக் குறைவு. அந்தக் குரல் நம்மை எட்டுவதற்குக் காரணம், பூமியில் 70 மீட்டர் விட்டமுள்ள தட்டுகளை நிமிர்த்தி, கருவிகளைக் கடுங்குளிரில் வைத்து, வேறெதையும் கேட்காமல் அதை மட்டுமே கேட்க மனிதர்கள் காத்திருப்பது. அதுவும் வினாடிக்கு 160 பிட் என்று நிதானமாகப் பேசுகிறது. மெல்லிய குரலில் நிதானமாகச் சொல்வதை, பெரிய செவியோடு பொறுமையாகக் கேட்டால், விண்மீன்களுக்கு இடையிலான வெளியிலிருந்தும் பேச்சு வந்து சேர்கிறது.

நம் தென்மாவட்டத்து மக்கள் இதை அறிவியல் நூல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். எண்பதுகளில் தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து வீடுகளின் கூரைகளில் நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாக்கள் இலங்கையை நோக்கி நின்றன. அந்நாட்டின் ரூபவாஹினி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்காக ஏற்றப்பட்டவை அவை. கடலுக்கு அப்பாலிருந்த ஒலிபரப்பியின் சக்தியில் ஒரு வாட்டைக் கூட்டும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. தங்கள் செவியை உயர்த்தும் அதிகாரம் இருந்தது. உயர்த்தினார்கள், காற்றின் அடுக்குகள் உதவிய மாலைகளில் படம் வந்தது.

மனிதன் தானே உயர முடியாத இடங்களில், உயரத்தில் வேறொன்றை நிறுத்தி அதன் வழியே பேசுகிறான். அதற்கு ரிப்பீட்டர் என்று பெயர். மலையுச்சியிலோ கோபுரத்திலோ இருந்துகொண்டு, கீழேயிருந்து வரும் மெலிந்த குரலைக் கேட்டு, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்வது அதன் வேலை. அதன் மதிப்பு முதலில் கேட்பதில் இருக்கிறது, சொல்வது பிறகுதான். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் இது உயிர்ப் பிரச்சினையாக நின்றது. 1993 குண்டுவெடிப்பின்போது அந்தக் கட்டடங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் கைக்கருவிகள் திணறியதால், பின்னர் அங்கே ரிப்பீட்டர் பொருத்தப்பட்டிருந்தது. அன்று காலை வடக்குக் கோபுரத்தில் அதன் முதன்மைக் கருவியில் அழுத்தப்பட வேண்டிய இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவில்லை என்று விசாரணை ஆணையம் பதிவுசெய்தது. ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று எண்ணி அதிகாரிகள் அதைக் கைவிட்டார்கள். தெற்குக் கோபுரத்திலோ அதே ரிப்பீட்டர் வழியாக, 78ஆம் மாடி வரை ஏறிச்சென்ற தீயணைப்புப் பிரிவுத் தலைவர் ஓரியோ பாமரின் குரல் மற்றவர்களுக்குக் கேட்டது. இரு கோபுரத்து வீரர்களின் கைகளிலும் இருந்தவை ஒரே வகைக் கருவிகள். இடையில் நின்று கேட்டுச் சொல்ல ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கைதான் ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் அறுந்தது.

நமக்கு இன்னும் அருகில் இருக்கும் துயரம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 29, 30 நாட்களில் கன்னியாகுமரிக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மிக விரைவாகப் புயலாக மாறியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்கு நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளிப் போய், வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள். அவர்களின் படகுகளில் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிகள் இருந்தன. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் இருந்து, படகில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தாலும், அலையின் எல்லை சுமார் 54 கிலோமீட்டர்; 29 கடல் மைல். படகுகள் அதைப் போல் பல மடங்கு தூரத்தில் இருந்தன. கரையிலிருந்து பேசும் கருவியின் 25 வாட்டை 250 வாட்டாக்கியிருந்தாலும் எச்சரிக்கை அவர்களை எட்டியிருக்காது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அல்லது கரை திரும்பவே இல்லை. அந்த ஊர்களின் பெண்கள் சாலையிலும் ரயில் பாதையிலும் அமர்ந்து கேட்ட கேள்வி, எங்கள் ஆட்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான். எங்கள் ஆட்களின் குரலை ஏன் யாரும் கேட்கவில்லை என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது.

விடை வானத்தில்தான் இருந்தது. 2019இல் இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிட்ட ஜெமினி கருவி, புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்குக் கொண்டு சேர்த்தது. பெரிய முன்னேற்றம். ஆனாலும் அது ஒருவழி. மீனவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. இஸ்ரோ உருவாக்கிய, இருவழியிலும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கடலில் இருப்பவர் தன் ஆபத்தைத் தானே சொல்லவும், அதைக் கேட்க ஒரு செவி உயரத்தில் இருக்கவும் அது வழி செய்தது. அதைச் சாதித்தது படகுக்காரரின் குரலில் கூட்டிய சக்தி அல்ல. அவருக்கு மேலே, அவரைக் கேட்கும் இடத்தில், நாம் ஒன்றை நிறுத்தினோம்.

கைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது இதையே நான் மீண்டும் மீண்டும் வந்தடைகிறேன். பேசுவதற்குச் சக்தி போதும். கேட்கப்படுவதற்கு நிற்கும் இடமும் எதிரே ஒரு செவியும் வேண்டும். தாழ்வான இடத்தில் நிற்பவரிடம், தூரத்தில் இருப்பவரிடம், சுவர்களுக்குப் பின்னால் அகப்பட்டவரிடம் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்: இன்னும் உரக்கச் சொல், அப்போதுதான் கேட்கும் என்று. மனு கொடுத்துக் கொடுத்துக் களைத்த கிராமத்திடமும் அதையே சொல்கிறோம். குடும்பத்தில் ஓரமாக ஒதுங்கிய முதியவரிடமும், வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளையிடமும் அதையே சொல்கிறோம். அவர்கள் தங்கள் சக்தியை எத்தனை மடங்கு கூட்டினாலும் ஏறுவது ஒரு படி, அரைப் படி. அவர்கள் களைத்துப்போவதுதான் மிச்சம். தூரத்தை உண்மையில் குறைக்கக் கூடியவர்கள் உயரத்தில் இருக்கும் நாம்தான். நம் செவியைக் கூர்மையாக்கி, நம் பேச்சைக் குறைத்து, கேட்டதை அடுத்தவருக்குச் சிதையாமல் எடுத்துச் சொன்னால், மிக மெல்லிய குரலும் எட்ட வேண்டிய இடத்தை எட்டும்.

ஆகவே, கைக்கருவி வாங்கப் போகிறவருக்கு என் சொல் இதுதான். முறையாகத் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறுங்கள். 5 வாட் போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஆன்டெனாவும் இன்னொரு பேட்டரியும் வாங்குங்கள். பேசும்போது கருவியை உயர்த்திப் பிடியுங்கள், உயரமான இடத்தில் நில்லுங்கள். அருகில் இருப்பவரோடு குறைந்த சக்தியில் பேசுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் சிறிது நேரம் கேளுங்கள். கடற்கரைக்கும் மலைக்கும் திட்டம் தீட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மக்களின் கையில் கருவியைக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. அந்தக் கருவியின் குரலைக் கேட்க இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு நிலையத்தையும், அதில் பதில் சொல்லும் ஒரு மனிதரையும் சேர்த்தே கொடுங்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் எத்தனை வாட்டும் வீண். கேட்க ஆளிருக்கும் இடத்தில் கால் வாட்டும் போதும்.